முள் சரியாக ஆடுகிறதா?

பழைய டாட்சன் 240 இஸட் காரில் செவ்ரோலேயின் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜினை இறக்குவது அமெரிக்க கராஜ்களில் பழகிப்போன வேலை. அப்படி ஒரு கார் பானட்டைத் திறந்து நின்றால் கூட்டம் இன்ஜினைச் சுற்றித்தான் சேரும். சேரட்டும். நீங்கள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஓடும்போது அந்த முள் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சொந்தக்காரரிடம் கேளுங்கள். செய்தவரின் கைப்பக்குவம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

டாட்சனில் வேகத்தைக் காட்டுவது ஒரு கேபிள். கியர்பாக்ஸின் வால் பக்கம் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அதைத் திருக, அந்தச் சுழற்சி மீட்டருக்குள் போய் முள்ளை நகர்த்தும். கரன்ட்டே வேண்டாம். எல்எஸ்1-க்குத் துணையாகப் பலரும் எடுப்பது 1998 முதல் 2002 வரை கமாரோ காரில் வந்த ஆறு கியர் டி56 கியர்பாக்ஸ். அதில் கேபிள் மாட்ட இடமே கிடையாது. இருப்பது இரண்டு வயர் உள்ள ஒரு சென்சார்: ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், எதிரே டிரைவ் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் 17 பல் உள்ள வளையம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் ஒரு துடிப்பு எழும். 1831-இல் ஃபாரடே கண்ட அதே தத்துவம்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சென்சாரின் இரண்டு வயரிலும் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றினால் மீட்டர் லேசாக அசையும். வேகம் ஏற ஏற எண்ணும் ஏறும். வெளியிலிருந்து எந்த மின்சாரமும் கொடுக்காமல், சுற்றுகிற இரும்பே பேசுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கணக்கும் அழகானது. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர், பின் ஆக்சில் விகிதம் 3.54 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 500 சுற்று, டிரைவ் ஷாஃப்ட் 1,770 சுற்று, அதைப் 17-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 30,000 துடிப்பு. மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்கு 500. இன்ஜின் கம்ப்யூட்டர் இவ்வளவையும் எண்ணி, தன்னிடம் சொல்லப்பட்ட டயர் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் வைத்து வேகம் கண்டுபிடித்து, மீட்டருக்கு மைலுக்கு 4,000 துடிப்பாகச் சுருக்கி அனுப்பும். பழைய மீட்டரையே காப்பாற்ற நினைப்பவர்கள், இந்தத் துடிப்பை வாங்கி ஒரு குட்டி மோட்டாரால் கேபிளைச் சுழற்றும் பெட்டியை வைப்பார்கள். புது மீட்டர் வாங்கிப் பொருத்துவதைவிட இந்த வழிதான் எனக்குப் பிடிக்கும். டாட்சனின் முகம் மாறாமல் இருக்கும் அல்லவா!

பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து வயரைப் பாருங்கள். சென்சாரிலிருந்து கிளம்பும் இரண்டும் கயிறு முறுக்கியதுபோல ஒன்றையொன்று பின்னிப் போகின்றனவா? ஸ்டார்ட்டர், இக்னிஷன் காயில் போன்றவை கிளப்பும் மின் இரைச்சல் பின்னிய வயர் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். மேலே ஷீல்டு இருந்தால் அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்திருக்க வேண்டும். சைலன்சர் குழாயின் சூட்டிலிருந்து விலக்கி, கிளிப் போட்டு, கனெக்டரில் தண்ணீர் புகாமல் ரப்பர் சீல் வைத்திருந்தால், யார் கண்ணிலும் படாத இடத்திலும் பொறுப்பாக வேலை பார்த்த ஒருவரை நீங்கள் சந்திக்கிறீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சுற்று போய் வாருங்கள். சிக்னலை நெருங்கும்போது கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் அணையாமல் நிதானமாக ஐடிலுக்கு இறங்குகிறதா? வண்டி இன்னும் உருள்கிறது என்று சென்சார் சொல்வதால்தான் கம்ப்யூட்டர் காற்றைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. டி56-இல் ரிவர்ஸ் கியருக்கு ஒரு பூட்டும் உண்டு. வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே வந்த பிறகுதான் சோலினாய்டு அதைத் தளர்த்தும். நின்ற பிறகு கியர் லீவர் முரண்டு பிடிக்காமல் ரிவர்ஸில் விழுந்தால், அந்த வயரிங்கையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கடைசியாகப் போனில் ஜிபிஎஸ் வேகத்தைத் திறந்து மீட்டரோடு ஒப்பிடுங்கள். 30 மைலிலும் 60 மைலிலும் ஒரே விகிதத்தில் பிசகினால் வயரில் குற்றமில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றிய டயர் அளவோ ஆக்சில் விகிதமோ தப்பு. லேப்டாப்பை மாட்டித் திருத்திவிடலாம். நிற்கிற வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது முள் எழும்பினால் இக்னிஷன் இரைச்சல் உள்ளே புகுந்திருக்கிறது. அப்போது வயரைக் கழற்றி, காயில் பக்கம் போகாத வேறு வழியில் புதிதாக இழுக்க வேண்டும்.