கொம்பு முளைத்த குலம்

நம்மவருள் இளைஞர் சிலர் இந்நாளில் ஒரு நூதன விளையாட்டில் ஈடுபட்டு வருகின்றனர். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதை சொல்லுகிறார். மற்றையோர் அக்கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, தாம் செய்யத் துணிவது பலிக்குமா பலிக்காதா என்பதனைப் பகடை உருட்டி அறிகின்றனர். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர்.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு இலக்கியப் பகுதியில் இடம் எதற்கு என்று வாசகர் வினவலாம். வினவுதல் நியாயமே. ஆனால் அவ்விளையாட்டுக்குத் தடித்த விதிநூல் ஒன்று உண்டு. அந்நூலில் மனிதர், குள்ளர் முதலாகப் பல குலங்கள் வகுக்கப்பட்டு, இன்ன குலத்திற் பிறந்தார்க்கு இன்ன குணம், இன்ன திறம் என்று நெடுங்காலம் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. பிறப்பையும் குணத்தையும் ஒரு முடிச்சாக முடியும் நூல் எதுவாயினும், அது சாஸ்திரமாயினும் சரி, விளையாட்டாயினும் சரி, அதனைப் பிரித்துப் பார்ப்பது நம் கடன்.

அக்குலங்களுள் ஒன்றைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். டீப்ளிங் என்பது ஆங்கிலத்தில் அதன் பெயர். முன்னோர் எவரோ சைத்தானோடு உறவு கொண்டனர், அல்லது உடன்படிக்கை செய்தனர். அந்த நரக இரத்தம் பேரன் பேர்த்திமாரின் உடம்பிலும் ஓடுகிறது என்பது கற்பனை. 1994ஆம் ஆண்டில் டேவிட் குக் என்பவர் இயற்றிய பிளேன்ஸ்கேப் என்னும் தொகுதியில் இம்மக்கள் முதன்முதலில் தோன்றினர்.

நாம் இவர்களை டீப்ளிங்கர் என்றே எழுதுவோம். "டீப்ளிங்குகள்" என்று எழுதினால் என்ன என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். அஃறிணைப் பன்மையால் ஒரு குலத்தைச் சுட்ட நமக்கு மனம் வரவில்லை. இலக்கணமும் நம் பக்கமே நிற்கிறது. நன்னூலார் உயர்திணையை வகுக்குமிடத்து மக்களையும் தேவரையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல், நரகரையும் உடன் சேர்த்தார். நரகத்தில் வாழ்வார்க்கே உயர்திணை கொடுத்த மொழியில், அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு மறுப்பது எங்ஙனம்?

இனி அவர்களது தோற்றத்தைக் காண்போம். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் டீப்ளிங்கர் இடம்பெற்றது ஆடுவோர்க்குரிய நூலில் அன்று. பூதங்களையும் கொடிய விலங்குகளையும் வரிசைப்படுத்தும் மற்றொரு நூலில். அங்கே, இவர்களுட் பலரை மனிதரினின்றும் பிரித்தறிய இயலாது என்ற குறிப்பு உள்ளது. ஒருவனுக்குச் சிறு கொம்பு இருக்கலாம். ஒருத்திக்குக் கண் சிவந்திருக்கலாம். ஒருவனைச் சுற்றிக் கந்தக வாடை வீசலாம். வேறொருவனுக்கு ஒன்றுமே இல்லாதிருக்கலாம். ஒருவரைப்போல் ஒருவர் இரார். 2008ஆம் ஆண்டில் வந்த நான்காம் பதிப்பு இதனை மாற்றிவிட்டது. எல்லார்க்கும் பெருங்கொம்பு, எல்லார்க்கும் தடித்த வால். சித்திரக்காரர்க்கு இது வசதி. கடையில் நூலைப் புரட்டுவோர் கண்ணுக்கும் கவர்ச்சி. பூத நூலினின்றும் விடுபட்டு ஆடுவோர் நூலில் இடம்பெற்ற பெருமையும் அவ்வாண்டிலேதான் கிடைத்தது.

ஆயினும் பழைய தோற்றமே உண்மைக்கு அண்மையது என்பது நம் துணிபு. ஜாதிக்குக் கொம்பு இல்லை, வாசகர்களே! பிறப்பால் இழிந்தவன் என்று நம் நாட்டில் ஒதுக்கப்பட்டவனுக்கு எந்த வால் முளைத்திருந்தது? முகத்தில் ஒன்றும் தெரியாதபடியாலன்றோ, ஊர் எது, தெரு எது, தகப்பன் பெயர் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள்? கப்பலேறி இக்கரைக்கு வந்து லயத்தில் குடியிருந்தவர்களையும் அக்கேள்வி பின்தொடர்ந்து வந்தது. கொம்புடையானை வெறுப்பதற்குக் கண் போதும். கொம்பில்லாதவனை வெறுப்பதற்கு ஒரு கதை வேண்டும். அக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவர ஒரு கூட்டமும் வேண்டும். டீப்ளிங்கர்க்குக் கொம்பைப் பொதுவாக்கிய ஆசிரியர்கள், வெறுப்பின் மூலத்தை வெறுப்போர் வாயிலிருந்து எடுத்து வெறுக்கப்படுவோர் தலையில் வைத்துவிட்டனர்.

எண்களின் கதை இதனினும் வேடிக்கையானது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், புத்தி, வசீகரம் முதலிய ஆறு தன்மைகளுக்கு எண் உண்டு. 2003ஆம் ஆண்டு நூலில் டீப்ளிங்கராய்ப் பிறந்தார்க்கு வசீகரத்தில் இரண்டு குறைக்கப்பட்டது. "பெரும்பாலும் தீயோர்" என்ற கருத்துப்பட ஒரு முத்திரையும் குத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டு நூலிலோ அதே குலத்தார்க்கு அதே வசீகரத்தில் இரண்டு கூட்டப்பட்டது. ஐந்தாண்டில் இரத்தம் மாறிற்றா? எழுதுவோர் அபிப்பிராயம் மாறிற்று, அவ்வளவே. இயற்கை என்று பெயரிட்டு எழுதப்பட்ட எண் ஆசிரியரின் அபிப்பிராயமேயன்றி வேறன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் தேடவேண்டியதில்லை. மனு முதலானோர் நூல்களுக்கு இவ்வாறு ஐந்தாண்டுக்கொரு பதிப்பு வந்திருந்தால் நம் வேலை எளிதாயிருக்கும்!

நான்காம் பதிப்பு இவர்களுக்கு ஒரு பூர்வ சரித்திரமும் வகுத்தது. பேல் துராத் என்னும் மானிடப் பேரரசு ஒன்று இருந்ததாம். அதன் பிரபுக்கள் தம் ஆட்சி என்றும் நிலைக்கவேண்டிச் சைத்தான்களோடு உடன்படிக்கை செய்தனர். டிராகன் குலத்தாரின் அர்க்கோசியா என்னும் பேரரசோடு நேர்ந்த நெடும்போரில் இரு பேரரசுகளும் அழிந்தன. உடன்படிக்கை செய்த பிரபுக்கள் மாண்டு மண்ணாயினர். அதன் அடையாளம் மட்டும் சந்ததியார் உடம்பில் நின்றது. இக்கதையை நாம் மெச்சுகிறோம். குற்றத்தின் வேர் இரத்தத்தில் இல்லை, அதிகார ஆசையில் உள்ளது என்று அது சொல்லுகிறது. கையெழுத்திட்டவர் ஒருவர், கடன் கட்டுவோர் வேறொருவர் என்பது தோட்டக்காட்டு மக்களுக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று.

2014ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பே இம்மக்களின் வாழ்க்கையைச் சற்று விரித்துரைத்தது. அவர்களுக்குச் சொந்த நாடு இல்லை. மனிதரின் நகரங்களில், பெரும்பாலும் முரட்டுச் சேரிகளில், சிறு தொகையினராய்க் குடியிருக்கின்றனர். தெருவில் இறங்கினால் வெறித்த பார்வை, முணுமுணுப்பு, சில வேளை அடி. திருடராகவும் ஏய்ப்போராகவும் சிலர் ஆகின்றனர். பிறரை எளிதில் நம்பார். ஆயின் தம்மை நம்பிய ஒருவரைக் கண்டால் அவரிடம் உறுதியான நட்புக் கொள்வர். தீமை இவர்க்கு இயற்கையன்று என்று நூல் ஒப்புகிறது. ஒப்பிய மூச்சிலேயே, பலர் அவ்வழியிற்போய்ச் சேர்கின்றனர் என்றும் முடிக்கிறது. வழக்கறிஞர் எவரேனும் இவ்வாறு வாதாடினால் அவரை எந்தக் கட்சியின் வழக்கறிஞர் என்று கொள்வது?

திறங்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்ந்தது. நெருப்பு இவர்களை அதிகம் சுடாது. இருளிலும் கண் தெரியும். இவையன்றி, தம்மை ஒருவன் தாக்கிக் காயப்படுத்திய அக்கணத்தில், அவனை நரகத் தீயால் திருப்பிச் சுடும் ஆற்றலும், சற்று அனுபவம் முதிர்ந்த பின், இவர்களுக்கு வாய்க்கிறது. விதியை ஊன்றிப் படித்தால், அடி விழுந்தாலன்றி அத்தீ எழுவதற்கில்லை. முதல் அடி எப்பொழுதும் பிறருடையதே. ஆசிரியர் நினைந்து எழுதினாரோ, நினையாது எழுதினாரோ, பக்கம் பக்கமாக எழுதிய வருணனையைவிட இந்த ஒரு விதி அம்மக்களின் நிலையை நன்றாகக் காட்டிவிட்டது.

ஆயினும் இந்நூலில் மிகச் சிறந்தது பெயர் பற்றிய பகுதி என்போம். டீப்ளிங்கர்க்கு மூவகைப் பெயர்கள். தாம் வாழும் மனித சமூகத்தின் பெயரைச் சிலர் கொள்வர். நரக மொழியிலிருந்து வழிவழியாக வந்த பெயரைச் சிலர் கொள்வர். மூன்றாம் வகையினர், இளைஞராயிருக்கும்பொழுதே, தந்தை தாயர் இட்ட பெயரை விடுத்துத் தாமே ஒரு சொல்லைத் தெரிந்து பெயராக்கிக்கொள்வர். அச்சொல்லின் பொருளை வாழ்ந்து காட்ட முயல்வர். நம்பிக்கை, கவிதை, இசை, தேடல் என்பன அவற்றுள் சில. துயரம், சோர்வு, எங்குமில்லை என்பனவும் உண்டு.

இதனைப் படித்தபொழுது நமக்கு 1929ஆம் ஆண்டின் செங்கற்பட்டு மாநாடு நினைவுக்கு வந்தது. சுயமரியாதை இயக்கத்தார் அங்கே கூடி, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டங்களை விட்டொழிப்பதென்று தீர்மானித்தனர். பெயர் சிறு விஷயம் என்பார் பெயரால் துன்புறாதவர். நல்ல பெயர் வைத்துக்கொள்ளவும் உரிமையின்றி, குப்பன் என்றும் மண்ணாங்கட்டி என்றும் அழைக்கப்பட்டோர் இருந்தனர். அப்பெயரே கிராணியாரின் செக்ரோலிலும் ஏறியது. அவர்தம் பிள்ளைகளுக்கு அறிவு, அழகு, அன்பு என்னும் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்ட காலம் பின்னர் வந்தது. அமெரிக்க ஆசிரியர்க்கு நம் சரித்திரம் தெரிந்திருக்க ஏதுவில்லை. தெரியாமலே ஒரே இடத்தில் வந்து நின்றார் என்பதுதான் வியப்பு. அதிலும் "சோர்வு" என்று தனக்குத்தானே பெயரிட்டுக்கொள்ளும் ஓர் இளம் பெண்ணை நினைத்துப் பார்க்கையில், நம்பிக்கை என்ற பெயரைவிட அப்பெயரே நம்மை அதிகம் நிறுத்திவைக்கிறது. உயர்ந்த சொல்லை எடுத்தணிவதற்கு ஆசை போதும். உள்ளதை உள்ளபடி பெயராக்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இவ்விடத்தில் குறை ஒன்றைச் சொல்லாது விடுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டு முதல், பிறப்பால் எண் கூட்டிக் குறைக்கும் வழக்கத்தைப் பதிப்பாளர் தளர்த்தத் தொடங்கினர். 2022ஆம் ஆண்டின் இறுதியில், குலங்களைக் குறிக்க வழங்கிய "ரேஸ்" என்னும் சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தனர். 2024ஆம் ஆண்டு நூலில் அந்த எண்கள் பிறப்பினின்றும் நீங்கி, பாத்திரத்தின் முன்வாழ்க்கையோடு சேர்க்கப்பட்டன. நரக இரத்தம் ஒருவரின் ஒழுக்கத்தைப் பாதியாது என்றும் ஐயமின்றி எழுதப்பட்டது. இவையெல்லாம் மனமார வரவேற்கத்தக்கன. முப்பதாண்டில் பூத நூலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது சிறு காரியமன்று.

ஆனால் அந்தப் புதிய பக்கத்திலே வெறித்த பார்வையும் முணுமுணுப்பும் சேரி வாழ்வும் கூடவே மறைந்துபோயின. எஞ்சியது மூவகை நரகத்தின் பட்டியலும் அவற்றால் வாய்க்கும் மந்திரங்களும். நோயாளியைக் குணப்படுத்துவதற்குப் பதிலாக நோயின் பெயரை ஏட்டிலிருந்து அழித்ததுபோல் ஆயிற்று இது. நூலாசிரியர் தம் குரலில் ஒரு குலத்தை இழித்துரைப்பது வேறு. கதைக்குள் ஒரு கிராமத்தான் அக்குலத்தை இழித்துரைப்பதைக் காட்டுவது வேறு. முன்னது பழி, பின்னது சாட்சியம். பழியை நீக்கப் புகுந்தோர் சாட்சியத்தையும் சேர்த்து நீக்கிவிட்டனர். வெறுப்பாரும் இல்லை, வெறுக்கப்பட்ட நினைவும் இல்லை என்றால், "சோர்வு" என்னும் பெயரை அப்பெண் எதற்காகத் தேடப்போகிறாள்?

இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும் என்பதற்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டில் பால்டர்ஸ் கேட் என்னும் கணினி விளையாட்டின் மூன்றாம் பகுதியை வெளியிட்டனர். அதில் எல்துரேல் என்னும் நகரம் நரகத்துள் இழுக்கப்பட்டு மீண்டு வந்த பின், அந்நகரத்தார் தம் நடுவே வாழ்ந்த டீப்ளிங்கர்மீது சந்தேகங்கொண்டு அவர்களைத் துரத்திவிடுகின்றனர். நகரத்தை நரகத்திற்கு விற்றவர் வேறு. மூட்டை முடிச்சோடு நடையைக் கட்டியவர் இவர்கள். வனத் துறவியரின் சோலை ஒன்றில் அடைக்கலம் புகுகின்றனர். துறவியருட் சிலரோ சோலையை முட்களால் அடைத்து இவர்களை வெளியேற்ற முனைகின்றனர். வெளியே கொலைக்கூட்டம் காத்திருக்கிறது. ஒரு டீப்ளிங் சிறுமி துறவியரின் விக்கிரகத்தைத் திருட முயன்று அகப்படுகிறாள். தலைவி அச்சிறுமியின் எதிரே நச்சுப் பாம்பை நிறுத்தி விசாரிக்கிறாள். வெளியே தாயும் தகப்பனும் கதறி நிற்கின்றனர். ஆடுபவர் சொல்லும் சொல்லைப் பொறுத்துச் சிறுமி பிழைக்கவும் கூடும், சாகவும் கூடும். அந்தக் காட்சியில் கொம்பு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. விளையாட்டு தன் குரலில் யாரையும் இழித்துரைக்கவில்லை. இழித்துரைப்பவரை நம் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிறது.

நம் வீட்டுச் செய்தி ஒன்றும் இதிலே உண்டு. 1977ஆம் ஆண்டில் வந்த இவ்விளையாட்டின் முதற்பூத நூலில் "ராட்சசர்" என்னும் பெயருடன், புலித் தலையும் மனித உடம்பும் வாயிற் புகைக்குழாயுமாக ஒருவர் வீற்றிருக்கிறார். இந்தியாவில் முதலில் அறியப்பட்டவர் என்ற குறிப்பும் உண்டு. வடநாட்டுக் கதைகள் யாரைத் தீயோர் என்று எழுதினவோ அவரையே, ஒரு கேள்வியும் கேளாது, எடுத்துக்கொண்டனர். பின்னர் 2012ஆம் ஆண்டில், பாத்ஃபைண்டர் என்னும் மற்றொரு விளையாட்டுக்குரிய நூல், ராட்சச வழிவந்த டீப்ளிங்கர் என்று ஒரு கிளையையே வகுத்தது. இன்றைக்குக் கிள்ளானிலோ ஈசூனிலோ ஒரு மேசையைச் சுற்றி அமரும் நம் பிள்ளைகளுள் எவரேனும் அக்கிளையில் ஒரு பாத்திரத்தை எடுத்தாடினால், மூவகைப் பெயர்களுள் எவ்வகைப் பெயரை அதற்கு இடுவார் என்று அறிய நமக்கு ஆவல்.