ஆங்கிலத் தொடக்கநிலை இலக்கண நூல்களும் தமிழ்க் கலைச்சொற்களும்

0. முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் இந்தியச் சிறுவர்க்கு இலக்கண நூல் இரண்டு பணிகளைச் செய்கிறது. அம்மொழியின் அமைப்பை அறிவிப்பது ஒன்று. அவ்வமைப்பைப் பற்றிப் பேசுவதற்குரிய சொற்களை வழங்குவது மற்றொன்று. முதற்பணியில் காணும் குறைகள் பலகாலும் பேசப்பட்டுள்ளன. இரண்டாவது, தமிழ்வழிக் கற்போரைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்புப் பணியேயாகும். கலைச்சொல்லைத் தமிழாக்கியவுடன் பணி முடிந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், வீட்டில் ஆங்கிலம் கேளாத சிறுவரையே அதன் விளைவு பெரிதும் தாக்குகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. எண்வகைப் பாகுபாடு

சொற்கள் எட்டு வகைப்படும் என்று தொடங்குவது இந்நூல்களின் மரபு. இவ்வெண்ணிக்கை ஆங்கிலத்தை ஆராய்ந்து கண்ட முடிவன்று. தியோனீசியசு திராக்சின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகைகள் உண்டு. ஆர்ட்டிகிள் அவற்றுள் ஒன்று, பெயரடை தனிவகையன்று. இலத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. எனவே இலத்தீன் இலக்கணிகள் அதனை நீக்கி, வியப்பிடைச்சொல்லைச் சேர்த்து எட்டு என்னும் எண்ணைக் காத்தனர். 1795இல் வெளிவந்த இலிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணம் ஆர்ட்டிகிளைத் தனித்துக் காட்டி ஒன்பது வகை கூறியது. ஆயினும் நெசுபீல்டின் நூல்களும், பின்னர் ரென், மார்ட்டின் இருவரின் நூலும் இந்தியப் பள்ளிகளில் வேரூன்றியபோது எட்டே நிலைபெற்றது. ஆர்ட்டிகிள் பெயரடையுள் அடங்கிற்று.

தமிழ்ச் சிறுவனுக்கு மிகுந்த இடர்ப்பாடு தருவன 'எ', 'தி' என்னும் சொற்களே. 'எ' என்பதற்கு 'ஒரு' ஓரளவு ஈடாகும். 'தி' என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. 'அந்த' என்பது சுட்டு. ஆனால் 'தி' உணர்த்தும் குறிப்பு தமிழில் அறவே இல்லாததன்று. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்னும் இரு தொடர்களை நோக்குக. முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது பேசுவோனும் கேட்போனும் முன்னரே அறிந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு தோன்றுவதும் தோன்றாமையும் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டுகின்றன. சிறுவன் ஐந்து வயதிலேயே பிழையின்றி ஆளும் இவ்வேறுபாட்டிலிருந்து 'தி' என்பதற்குச் செல்லலாம். எட்டு வகையை ஒப்புவிக்கும் நூலில் இவ்வழிக்கு இடமில்லை.

2. வரையறையும் பெயரும்

'வினைச்சொல் செயலைக் குறிக்கும்' என்னும் வரையறை எளிமையுடையது, அதனாலேயே ஏமாற்றுவது. 'ஷி இஸ் எ டாக்டர்' என்னும் தொடரில் செயல் யாதும் இல்லை. அதன் தமிழ் வடிவமான 'அவர் மருத்துவர்' என்பதில் வினையே இல்லை. வரையறையை நம்பும் மாணவன், தன் மொழியின் இயல்பையும் துணையாகக் கொண்டு, 'ஷி டாக்டர்' என்று எழுதுவானாயின் அது கவனக்குறைவு அன்று; கற்பித்ததைப் பின்பற்றியதன் விளைவு. ஆங்கிலத்தில் முற்றுத்தொடர்க்கு வினை இன்றியமையாதது, தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும் என்னும் ஒரே ஒப்பீடு இப்பிழையை விளக்கப் போதுமானது.

மொழிபெயர்த்த பெயர்கள் இச்சிக்கலை மேலும் வளர்க்கின்றன. பெயரைச் சிறப்பிக்கும் ஆங்கிலச் சொல்வகையை 'உரிச்சொல்' எனக் குறிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தமிழ் இலக்கண வகுப்பில் உரிச்சொல் என்பது உறு, தவ, நனி முதலியவற்றைக் குறிக்கும். அது பெயரோடும் வினையோடும் வரும். 'பெரிய வீடு' என்பதிலுள்ள 'பெரிய' அவ்வகுப்பில் குறிப்புப் பெயரெச்சம். அடுத்த பாடவேளையில் அதன் ஆங்கில நிகர் உரிச்சொல்லாகிவிடுகிறது. ஒரே மாணவன் ஒரே நாளில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் கற்கிறான். இரண்டும் வேறு என்று அவனுக்கு எவரும் கூறுவதில்லை. 'பெயரடை' என்னும் ஆக்கம் பழைய பொருளைச் சுமக்காது, தொடரில் நிற்கும் இடத்தையும் காட்டுவதால் மேலானது.

3. பன்னிரண்டு காலங்கள்

மூன்று காலங்களை நான்காகப் பெருக்கிப் பன்னிரண்டு வாய்பாடு தருவது தொடக்கநிலை நூல்களின் மற்றொரு மரபு. குவெர்க்கும் பிறரும் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம், வினைவடிவ அடிப்படையில் ஆங்கிலத்திற்கு நிகழ்வு, இறப்பு என இரு காலங்களையே கொள்கிறது. எதிர்காலப் பொருள் 'வில்' போன்ற துணைவினைகளாலும் பிற அமைப்புகளாலும் உணர்த்தப்படுகிறது. தொடர்நிலை, நிறைவுநிலை ஆகியவை காலமல்ல. வினை நிகழும் பாங்கைக் காட்டுவன.

தமிழிலும் மூன்று காலம் உண்டு என்னும் ஒற்றுமை மொழிபெயர்ப்பாளர்க்கு வசதியாகத் தோன்றும். உண்மையில் தடுமாற்றம் இங்கேதான் பிறக்கிறது. 'நான் தினமும் பள்ளிக்குப் போவேன்' என்பது வடிவத்தால் எதிர்காலம்; பொருளால் வழக்கச் செயல். ஆங்கிலம் இப்பொருளுக்கு 'ஐ கோ' எனச் சாதாரண நிகழ்கால வடிவைக் கொள்ளும். 'போகிறேன்' என்பதோ இப்போது நிகழும் செயலுக்கும் வழக்கச் செயலுக்கும், சில வேளைகளில் நாளை செய்யவிருக்கும் செயலுக்கும் பொதுவாக வரும். எனவே 'நிகழ்காலம்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' இரண்டும் அடுத்தடுத்து வரும்போது, இரண்டையும் 'போகிறேன்' எனப் பெயர்த்துவிட்டு, 'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி' என எழுதுவது மாணவனுக்கு இயல்பாகிறது. வடிவத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்த்து அதன் ஆட்சியை விளக்காமையே இதற்குக் காரணம்.

4. முன்னிடைச்சொற்கள்

'மேசையில்', 'பையில்', 'வீட்டில்' ஆகிய மூன்றிலும் தமிழ் ஓர் உருபையே கொள்கிறது. ஆங்கிலம் பரப்பைத் தொடுவதற்கு 'ஆன்', உள்ளடங்குவதற்கு 'இன்', இடத்தை ஒரு புள்ளியாகக் கருதுவதற்கு 'அட்' எனப் பிரித்துக்கொள்கிறது. 'இன் = இல், ஆன் = மேல்' என்னும் சமன்பாடுகளைத் தரும் நூல் சுவரிலுள்ள படத்தையும் திங்கட்கிழமையையும் விளக்க முடியாமல் நின்றுவிடுகிறது; சுவரின் 'மேல்' படம் மாட்டப்படுவதில்லை, கிழமைக்கு மேற்பரப்பும் இல்லை. சொல்லுக்குச் சொல் தேடுவதை விடுத்து, ஓர் உருபின் பொருட்பரப்பை ஆங்கிலம் எவ்வாறு கூறுபடுத்துகிறது எனக் காட்டுவதே முறை. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் நன்கறியப்பட்ட இவ்வுண்மை சிறுவர் நூல்களுக்குள் இன்னும் நுழையவில்லை.

5. இலக்கணம் தவிர்க்கும் நெறி

மேற்கூறிய குறைகளைக் கண்டு, சிறுவர்க்கு இலக்கணமே வேண்டா என்பாரும் உளர். இக்கருத்துக்கு வலிமையான சான்று தென்னிந்தியாவிலேயே உண்டு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டம், மாணவரின் கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போதே மொழியமைப்பு உள்ளத்தில் உருவாகும் என்னும் கருதுகோளின் அடிப்படையில், விதிகளைக் கூறாது செயற்பணிகள் வாயிலாகக் கற்பித்தது. அவர் 1987இல் வெளியிட்ட நூல் இதனை விளக்குகிறது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மொழியீடு நிறைந்த வகுப்பறையை வலியுறுத்தியது.

இந்நெறியின் தகுதியை மறுத்தற்கில்லை. ஆயினும் இது ஆங்கிலத்தைத் தடையின்றி ஆளும் ஆசிரியரையும், தொடர்ந்து கேட்கவும் படிக்கவும் கிடைக்கும் மொழியையும் வேண்டிநிற்கிறது. இவை வாய்த்த வகுப்பில் இலக்கணச் சொற்கள் இன்றியும் கற்றல் நிகழும். வாய்க்காத வகுப்பில் பாடநூல் விட்ட இடத்தைக் கடையில் விற்கும் வழிகாட்டி நூல் நிரப்பும். பன்னிரண்டு காலங்களும் எண்வகைச் சொற்களும் அதன்வழி மீண்டும் வந்துசேரும். ஆகவே இலக்கணத்தைக் கைவிடுதல் நடைமுறையில் மோசமான இலக்கணத்தை அனுமதிப்பதாகவே முடிகிறது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். தொடக்கநிலை நூல் வரையறையில் தொடங்காமல், மாணவன் முன்பே ஆளும் தமிழ்த் தொடரிலிருந்து தொடங்குதல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் ஆங்கிலப் பெயரை நோக்கி அமையாமல், அப்பெயர் குறிக்கும் பணியை நோக்கியும், தமிழ் இலக்கண வகுப்பில் அதே சொல் பெறும் பொருளோடு முரணாமலும் அமைதல் வேண்டும். இரு பாடங்களையும் எழுதுவோர் ஒரு பொதுச் சொற்பட்டியலை ஏற்றல் வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்பு முடிய வீட்டுமொழியைப் பயிற்றுமொழியாக்குமாறு பரிந்துரைக்கும் நிலையில், இப்பணியின் தேவை மிகுகிறது. வீட்டில் ஆங்கிலம் பேசப்படும் சிறுவன் இலக்கண நூல் பிழைபட்டாலும் தன் செவியை நம்பித் தேறிவிடுவான். அந்நூலையன்றி வேறு துணையில்லாத சிறுவனுக்கு அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சரியாக அமைந்தாக வேண்டும்.