தெளிவான படத்தில் தொலையும் இதயம்

2023-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் குவோப்பியோ நகரின் பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். வட்டமான தொட்டியில் தண்ணீர், அதற்குள் சில பொருள்கள், சுவரைச் சுற்றி 32 எலெக்ட்ரோடுகள். மின்னோட்டம் செலுத்தி, விளிம்பில் கிடைக்கும் மின்னழுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வரைந்து காட்ட வேண்டும். சுற்றுக்குச் சுற்று எலெக்ட்ரோடுகள் குறையும். நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கி வந்தவர்கள் வியக்கத்தக்க படங்களைக் கொடுத்தார்கள். இப்போது அதே உற்சாகம் இதயத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஈஐடி என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த மின்மறிப்புப் படமெடுப்பில் கலங்கலைப் போக்கிவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை, அதாவது துடிப்பளவை, கட்டிலருகிலேயே படித்துவிடலாம் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கருவியின் நல்ல பக்கத்தில் சந்தேகமில்லை. கதிர்வீச்சு கிடையாது. நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். மார்பில் ஒரு பெல்ட் கட்டினால் நொடிக்குப் பல படங்கள் வரும். வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரலில் எந்தப் பகுதி விரிகிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்பதை இதைப் போல உடனுக்குடன் காட்டும் கருவி வேறு இல்லை. டிரேகர், சென்டெக், டிம்பெல் நிறுவனங்களின் கருவிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இடம்பிடித்தது அதனால்தான்.

ஆனால் நுரையீரலுக்குச் சரிப்பட்டது இதயத்துக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது. மூச்சினால் மார்பின் மின்மறிப்பில் ஏற்படும் மாற்றத்தோடு ஒப்பிட்டால், இதயத் துடிப்பினால் ஏற்படுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மூச்சின் அலைக்குள் அமிழ்ந்திருக்கும் அந்தச் சிற்றலையைத்தான் பிரித்தெடுக்க வேண்டும். தகவலும் குறைவு. அடுத்தடுத்த எலெக்ட்ரோடுகள் வழியே மின்னோட்டம் செலுத்தும் 16 எலெக்ட்ரோடு பெல்ட் ஒரு சுற்றில் 208 அளவீடுகள் தருகிறது. அவற்றில் தனித்தகவல் உள்ளவை 104. திரையில் தெரியும் படமோ வழக்கமாக 32-க்கு 32 கட்டங்கள். விளிம்பு அளவீடுகளிலிருந்து உட்புறத்தைக் கண்டறியும் கணக்கின் அடிப்படையை 1980-இல் கணிதவியலாளர் கால்டெரோன் வகுத்தார். அளவீட்டுப் பிழையை மிகப் பெரிய அளவில் குறைத்தால்தான் படத்தின் நுணுக்கம் சிறிதளவாவது கூடும் என்பது 1988-இல் அலெஸாண்ட்ரினி தந்த முடிவிலிருந்தும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளிலிருந்தும் தெளிவானது. அப்படியானால் நெட்வொர்க் காட்டும் கூர்மையான விளிம்பு எங்கிருந்து வருகிறது? பயிற்சிக்குக் கொடுத்த மாதிரிகளிலிருந்து வருகிறது. ஆரோக்கியமான இதயங்களைப் பார்த்துப் பழகியது, தகவல் போதாத இடத்தில் ஆரோக்கியமான இதயத்தையே வரையும்.

இதைவிட அடிப்படையான ஒரு தடை இருக்கிறது. அதைப் படத்தின் தெளிவு தொடக்கூட முடியாது.

ஈஐடி-யில் துடிப்பளவு கணிப்பவர்கள், இதயப் பகுதியில் மின்மறிப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அதுதான் ரத்தத்தின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது? கீழறை சுருங்கும்போது ரத்தம் வெளியேறுகிறது. அதே கணத்தில் பக்கத்திலுள்ள நுரையீரலுக்குள் ரத்தம் பாய்கிறது. இதயத் தசை தடிக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுத் தளம் இதய முனையை நோக்கி இறங்குகிறது. காலியான இடத்துக்குக் காற்று நிறைந்த நுரையீரல் நகர்ந்து வருகிறது. ரத்தத்துக்கும் காற்றுக்கும் மின்கடத்தலில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிறது. 2015-இல் பிரொயென்சாவும் சகாக்களும் எம்ஆர்ஐ படங்களிலிருந்து ஒரு மார்பு மாதிரியை அமைத்துப் பார்த்தபோது, கீழறைப் பகுதியின் மின்மறிப்பு மாற்றத்தில் 56 சதவீதம் இதயத் தசையின் வடிவமாற்றத்தால் வந்தது.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு எண்ணைக் காட்டுவார்கள். அசைவினால் வந்த மாற்றமும் கீழறையின் கொள்ளளவும் 0.978 என்ற தொடர்புக்கெழு அளவுக்கு ஒத்துப்போயின; ஆகவே அசைவு கலந்திருந்தாலும் கெடுதல் இல்லையாம். அந்த மாதிரி ஒரே ஒரு ஆணின் உடலைக் கொண்டு செய்தது. பெரிய தரவில் சரிபார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மாரடைப்புக்குப் பின் சுவரின் ஒரு பகுதி அசையாமல் நின்றுபோன இதயத்தில், இதய உறைக்குள் நீர் கோத்த இதயத்தில், இருபுறமும் ஒத்திசையாமல் துடிக்கும் இதயத்தில் அந்தப் பொருத்தம் நிலைக்கும் என்று நம்ப என்ன ஆதாரம்? கண்காணிப்புக் கருவி தேவைப்படுவது இத்தகைய இதயம் உள்ளவர்களுக்குத்தான்.

கட்டிலருகே நிலைமை இன்னும் மோசம். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பினால் இதயம் இடம் மாறுகிறது. வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டினால் உதரவிதானம் இறங்கி இதயத்தையும் இறக்குகிறது. பெல்ட் சிறிது வழுக்கினாலும் எண் மாறும். ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு சலைன் ஏற்றி, துடிப்பளவு கூடுகிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். ஏறிய சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்து அதன் மின்கடத்தலையே கூட்டிவிடுகிறது. இதயம் மாறியதா, ரத்தம் மாறியதா? அந்தக் கணத்தில் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

இதே பாதையில் ஒருமுறை நடந்தாயிற்று. 1966-இல் நாசாவின் ஆதரவில் குபிசெக் குழு, மார்பை ஒரு உருளையாகக் கருதி, மின்மறிப்பிலிருந்து துடிப்பளவைக் கணிக்கும் சூத்திரத்தைத் தந்தது. பல பத்தாண்டுகள் திருத்தங்கள் தொடர்ந்தன. முற்றிய இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் அது சோதிக்கப்பட்டு, 2009-இல் முடிவு வந்தது: இதயம் வெளியேற்றும் ரத்த அளவோடு சுமாரான பொருத்தம், இதயத்தின் நிரப்பழுத்தத்தோடு நம்பத்தக்க பொருத்தம் இல்லை, யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லவும் உதவவில்லை. நலமானவர்களிடம் நல்ல எண்களைத் தந்த முறை நோயாளிகளிடம் நொடித்துப்போனது. சமிக்ஞை எதிலிருந்து பிறக்கிறது என்ற கேள்வி அன்றும் தீராமல் கிடந்தது.

ஆகவே, விளிம்பின் கூர்மையை முதற்சாதனையாகக் காட்டும் எந்த ஆய்வையும் இதயக் கண்காணிப்பின் முன்னேற்றம் என்று ஏற்கக் கூடாது. கிரிட்ச்லி என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள் 1999-இல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: தெர்மோடைல்யூஷன் போன்ற ஏற்கப்பட்ட முறையோடு ஒப்பிட்டால் பிழை 30 சதவீத எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்தச் சோதனையை நோயாளியைத் திருப்பிய பிறகும், பெல்ட்டைக் கழற்றி மாட்டிய பிறகும், சலைன் ஏற்றிய பிறகும் செய்து காட்ட வேண்டும்.

நம்பத்தக்க வழி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. 2011-இல் சோலா குழு ஈஐடி-யில் மின்மறிப்பு மாற்றத்தின் அளவை விட்டுவிட்டு, நாடியலை மகாதமனியை எப்போது வந்தடைகிறது என்ற நேரத்தைப் பன்றிகளில் அளந்து ரத்த அழுத்தத்தைக் கணித்தது. 2020-இல் நுரையீரல் தமனி அழுத்தத்துக்கும் இதே வழியை நலமான தன்னார்வலர்களிடம் பிரொயென்சா குழு முயன்றது. பிக்சலில் மாற்றத்தின் அளவு தவறினாலும் நேரம் அந்த அளவுக்குத் தவறாது. உழைப்பும் பணமும் இங்கே வர வேண்டும். மார்பைச் சுற்றி இரண்டு வரிசை எலெக்ட்ரோடு வைத்து, மேலும் கீழும் நகரும் இதயத்தைத் தொடர்வதற்கும் வர வேண்டும். இதய அறுவைக்குப் பின் மார்பில் தையலும் குழாய்களுமாகக் கிடப்பவருக்கு ஒரு பெல்ட் கட்டுவதே செவிலியர்களுக்குப் பெரும்பாடு. இரண்டு வரிசையை எப்படிப் பொருத்துவது என்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான். அத்தகைய நோயாளிகளிடமிருந்து தரவு வரும்வரை துடிப்பளவு என்று ஒரு எண்ணைத் திரையில் காட்ட எந்தக் கருவிக்கும் அனுமதி தரக் கூடாது.