தாய்மானும் தனியறிவும்

மனித முகம் ஒன்றையும் காணாது, மனிதச் சொல் ஒன்றையும் கேளாது வளரும் ஒருவன், தன் புலன்களையும் சிந்தையையும் மட்டுமே துணையாகக் கொண்டு உண்மையின் எல்லைவரை சென்றுவிட இயலுமா? இயலும் என்று நிறுவவே 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் அரபு நூல் எழுந்தது என்பர். அந்நூலை மீண்டும் ஒருமுறை பொறுமையுடன் பயின்ற நமக்கு, ஆசிரியரின் கருத்து ஒருபுறமும் அவர் புனைந்த கதை மறுபுறமும் நிற்பதாகவே படுகிறது.

ஆசிரியர் இப்னு துஃபைல், ஸ்பெயினில் கிரனாடாவுக்கு அண்மையிலுள்ள வாதீ ஆஷில் பிறந்தவர். முவஹ்ஹிதுகளின் கலீஃபாவான அபூ யஃகூப் யூசுஃபின் அரண்மனை மருத்துவர். பேரறிஞர் இப்னு ருஷ்தை அவ்வரசவைக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. 1185-ல் மர்ராகுஷில் காலமானார். 1671-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அந்நூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. அதை மொழிபெயர்த்த இளைய போகாக் இட்ட தலைப்புக்குத் 'தானே கற்றறிந்த தத்துவஞானி' என்று பொருள். நூலைப் பற்றிய தவறான எண்ணத்துக்கு இத்தலைப்பும் ஒரு காரணம் என்போம்.

இந்தியாவின் தீவுகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் ஓர் ஆளற்ற தீவில் ஹய்யைப் பாலூட்டி வளர்க்கிறது ஒரு பெண்மான். அதன் குரலைப் பார்த்தே அவன் குரல் கொடுக்கப் பழகுகிறான். உதவிக்கு அழைப்பது ஒரு குரல், அன்பு காட்டுவது ஒரு குரல் என்று வேறுபடுத்தவும் கற்கிறான். ஒருநாள் அந்தத் தாய்மான் அசைவற்றுக் கிடக்கிறது. வழக்கமான குரலில் அழைக்கிறான், மறுமொழி இல்லை. செவியைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான், எங்கும் பழுதில்லை. பழுது உள்ளே இருக்க வேண்டும் என்று எண்ணி, கூரிய கற்களாலும் உலர்ந்த நாணல் சிம்புகளாலும் அதன் மார்பைப் பிளக்கிறான். இதயத்தின் வலப்பக்க அறையில் உறைந்த குருதி. இடப்பக்க அறை வெறுமை. இங்கே குடியிருந்த ஒன்று வெளியேறிவிட்டது, தன்னை வளர்த்த தாய் அதுவேயன்றி இவ்வுடலன்று என்ற முடிவுக்கு வருகிறான். பின்னர், ஒரு காகம் மற்றொரு காகத்தைப் புதைப்பதைக் கண்டு தானும் அவ்வாறே செய்கிறான். காபிலின் வரலாறு வாசகர்களுக்கு நினைவு வரும்.

நூலின் உயிர் இப்பகுதியே. மனம் என்ன, உடல் என்ன என்ற வினாவை இப்னு துஃபைல் வியப்பிலிருந்து தொடங்கவில்லை. ஒரு பிள்ளையின் துயரிலிருந்து தொடங்குகிறார். மருத்துவர் ஒருவரே இதை எழுதியிருக்க முடியும்.

அடுத்து வருவது பொதுமை பற்றிய ஆராய்ச்சி. மத்ரஸாக்களில் மன்திக் ஓதியோர் இதைக் 'குல்லீ' என்று அறிவர். மான்கள் பல, ஆயினும் 'மான்' என்பது ஒன்று. ஒரே நீரைப் பல பாத்திரங்களில் பகிர்ந்து ஊற்றினாற்போல, ஓரினத்து உயிர்களில் உள்ள உயிர்ப்பு ஒன்றே என்று காண்கிறான் ஹய். விலங்கு, செடி, கல் என்று சென்று, எல்லா உடல்களுக்கும் பொதுவானது இடத்தில் விரிந்திருத்தலே என்ற முடிவை எட்டுகிறான். படிப்படியான ஏற்றம் அழகானது. ஆனால் சொல்லின்றி இது கூடுமா? நடை பழகும் குழந்தை நாற்காலிக்கும் பூனைக்கும் ஒரே பெயர் சூட்டும். உம்மா திருத்தித் திருத்தியே இரண்டும் இரண்டாகின்றன. ஹய்யைத் திருத்துவோர் எவருமிலர். இந்த இடரை ஆசிரியர் கவனியாமல் கடந்து செல்கிறார்.

அவர் கவனியாதது நமக்கு விந்தையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபாராபீ, இப்னு ஸீனா, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆகியோரை எடைபோடும் அதே முன்னுரையில், பிறவிக் குருடன் ஒருவனை அவர் உவமை காட்டுகிறார். கூர்மதியுள்ள அவன் ஊரின் தெருக்களையும் மக்களையும் பிற புலன்களால் அறிகிறான். நிறங்களை மட்டும் பிறர் கூறும் பெயர்களாலும் விளக்கங்களாலும் அறிகிறான். பிறகு கண் திறக்கிறது. அவன் நம்பியிருந்ததற்கு மாறாக எதுவுமில்லை. கூடுதலாகக் கிட்டியவை தெளிவும் பேரின்பமுமே. சிந்தித்து அறிதலுக்கும் நேரில் துய்த்தறிதலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தவே இவ்வுவமை. எனினும் அந்தக் குருடனுக்கு நிறத்தின் பொதுமையைத் தந்தவர் யார்? ஊராரே அல்லவா!

இவ்வுவமையில் மற்றொரு சிக்கலும் உண்டு. தொட்டு மட்டுமே அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை பெற்றவன் கண்டவுடன் இனங்காண்பானா என்று 1688-ல் மாலினூ என்ற அயர்லாந்து அறிஞர் தத்துவஞானி லாக்குக்கு எழுதிக் கேட்டார். மாட்டான் என்பதே இருவரின் முடிவும். அது நீண்டகாலம் வாதமாகவே நின்றது. டில்லியில் சிகிச்சையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து சிறாரிடம் பவன் சின்ஹா குழுவினர் இதனைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டனர். கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் கண்டு தெரிந்தெடுக்க அச்சிறாரால் உடனே இயலவில்லை. ஆயின் மறுபடி சோதிக்கப்பட்டோர் சில நாட்களுக்குள்ளேயே பெரிதும் தேறியிருந்தனர். ஆக, பார்வையும் ஒரு பயிற்சியே. இப்னு துஃபைலின் குருடன் கண் திறந்த அன்றே ஊரை அடையாளம் கண்டிருக்க மாட்டான். பழகிய தோழர் ஒருவர் கைபிடித்து நடத்தியிருக்க வேண்டும்.

ஐம்பது வயதில் ஹய்க்கும் அத்தகைய தோழர் கிடைக்கிறார். அயல் தீவிலிருந்து வந்த அப்ஸால், பொருள்களைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லி மொழி கற்பிக்கிறார். வேதமுடைய சமுதாயம் ஒன்று அயல் தீவில் வாழ்வதை அறிந்து, ஹய் அங்கே சென்று உண்மையை விளக்க முயல்கிறான். மக்கள் முகம் திருப்பிக்கொள்கின்றனர். ஷரீஅத்தின் வரம்பிலேயே நில்லுங்கள் என்று சொல்லி, தன் போதனைக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு விடைபெறுகிறான்.

ஆசிரியரோடு நாம் உடன்பட இயலாத இடம் இதுவே. உழைத்து உண்டு, தொழுது, பிள்ளைகளுக்கு நல்ல பெயரும் நல்ல சொல்லும் கற்பிக்கும் மக்களின் அறிவு, அவர் பார்வையில் விலங்கினத்தை ஒட்டிய தாழ்ந்த படி. ஹய்யோ ஒரு விலங்கின் மடியிலேயே முதற்பாடம் படித்தவன்! அம்மக்களிடம் கற்க வேண்டியது எதுவும் உண்டோ என்று அவன் ஒருநாளும் கேட்டதாக நூலில் இல்லை. கேட்கும்படி ஆசிரியர் விடவுமில்லை. ஆயினும் கதை தன் ஆசிரியருக்கு முழுவதும் கட்டுப்படவில்லை. பழைய தீவுக்கு ஹய் தனியே திரும்பவில்லை. தனக்குச் சொல் கற்பித்த அப்ஸாலையும் உடன் அழைத்துச் சென்றான். இறுதிவரை இருவரும் அங்கேயே இறைவணக்கத்தில் வாழ்ந்தனர்.