ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தொடக்கம்

பல கணினிகளை இணைத்து அனிமேஷனை ரெண்டர் செய்யும்போது பரவலாகக் கையாளப்படும் முறை எளியது: ஒரு கணினிக்கு ஒரு ஃபிரேம், அது முடிந்ததும் அடுத்தது. 1995-இல் வெளிவந்த பிக்ஸாரின் ‘டாய் ஸ்டோரி’ 117 சன் கணினிகளில் ரெண்டர் ஆனது. ஒரு ஃபிரேமுக்கு 45 நிமிடம் முதல் 30 மணி நேரம் வரை பிடித்தது. அத்தனை நேரம் ஓடும் வேலையில், மென்பொருள் திறக்க ஒரு நிமிடம் ஆனால் யார் கண்டுகொள்வார்கள்? இந்த முறையின் பலமும் கண்கூடு. ஒரு கணினி பழுதானால் போவது ஒரே ஒரு ஃபிரேம். வேகமான கணினி தானாகவே அதிக ஃபிரேம்களை முடித்துவிடும்.

இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் எளிய காட்சிகளை 20 நொடியில் முடித்துவிடுகின்றன. முறையின் குறை அங்கேதான் வெளிப்படுகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மென்பொருளைத் திறந்து, காட்சிக் கோப்பை ஏற்றி, டெக்ஸ்சர்களைப் படிக்க 60 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 நொடியில் உருப்படியான வேலை கால்பங்குதான். ஆனால் மேலாண்மைத் திரையில் எல்லாக் கணினிகளும் ‘ரெண்டர் ஆகிறது’ என்றே காட்டும். அதை நம்பி இரு மடங்கு வேகமான கார்டு வாங்கினால், 80 நொடி 70 ஆகும். விற்றவருக்குத்தான் லாபம்.

கோப்பு சர்வர் இன்னொரு பொறி. 2 ஜிபி காட்சியை ஒரே ஒரு கணினியில் சோதித்தால், கிகாபிட் இணைப்பில் 16 நொடியில் ஏறிவிடும். 40 கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் 80 ஜிபி. சர்வரின் ஒற்றைக் கம்பி வழியே அது போய்ச்சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே தனிக் கணினிச் சோதனையை வைத்து நெட்வொர்க்குக்கு நற்சான்று தரக்கூடாது. கோப்பை முன்கூட்டியே ஒவ்வொரு கணினியின் வட்டிலும் நகலெடுத்து வைப்பதே நேரடித் தீர்வு.

எதையும் மாற்றுமுன் லாக்கில் வரிக்கு வரி உள்ள நேர இடைவெளியைப் பார்க்க வேண்டும். பிராசஸரும் நெட்வொர்க்கும் சும்மா இருக்கும்போது நீண்ட இடைவெளி விழுந்தால், பதில் தராத லைசென்ஸ் சர்வரையோ இல்லாத டிரைவையோ சந்தேகிக்கலாம். முதல் ஃபிரேம் மட்டும் தாமதமானால், கார்டுக்கான நிரல் தொகுக்கப்படுகிறது என்று பொருளாக இருக்கலாம். ஒருமுறை தொகுத்தது சேமிக்கப்படும். ஆனால் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும் கன்டெய்னரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அதே காத்திருப்பு.

பத்து ஃபிரேம்களை ஒரே வேலையாகக் கட்டிக் கொடுத்தால், அதே கணக்கில் ஃபிரேமுக்கு 26 நொடிதான். பிளெண்டரில் ‘பெர்சிஸ்டென்ட் டேட்டா’ வசதியையும் இயக்கினால், ஃபிரேமுக்கு ஃபிரேம் தரவைத் திரும்பத் தயாரிக்கும் வேலையும் குறையும். அதற்கு விலை கூடுதல் நினைவகம். கட்டாகக் கொடுப்பதிலும் வம்பு உண்டு: கடைசிக் கட்டு மெதுவான கணினியிடம் சிக்கினால் மற்றவை வேலையின்றிக் காத்திருக்கும். எனக்கு உவப்பானது மூன்றாவது வழி. ‘டெட்லைன்’ என்ற ரெண்டர் மேலாண்மை மென்பொருளின் ‘மாயாபேட்ச்’ செருகுநிரல் மாயாவைத் திறந்தே வைத்திருப்பதுபோல, மென்பொருளைத் திறந்தே வைத்துக்கொண்டு ஃபிரேம்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பது. நினைவகம் மெல்ல வீங்குகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். ஃபிரேமுக்கு அரை மணி பிடிக்கும் காட்சிக்கு இது எதுவும் வேண்டாம். பழைய முறையே போதும்.