பெட்டி மிஞ்சும், படம்?

தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசகவத’த்தை எடுத்த நடராஜ முதலியாரின் வில்லியம்சன் கேமரா புதுசு கிடையாது. தஞ்சாவூர் நிலக்கிழார் மூப்பனாரிடம், பிரிண்டரோடு சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கியதாகச் சினிமா வரலாறு சொல்கிறது. செகண்ட் ஹேண்ட். படம் ஓடியது, காசும் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

சரி, அந்தக் கேமரா நாளைக்கு ஏதோ ஒரு பரணில் கிடைத்தால் என்ன விலை போகும்? பழங்கேமரா சந்தையின் கணக்கு இதுதான்: எத்தனை தயாரித்தார்கள், கைப்பிடி இன்னும் சுற்றுகிறதா, லென்ஸ் ஒரிஜினலா, சீரியல் நம்பர் உண்டா. கடைசியாக, எந்தப் படம் எடுத்தது. விலையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவது இந்தக் கடைசிக் கேள்விதான். அதற்குத்தான் நம்மிடம் பதில் இருப்பதில்லை.

எங்கள் கட்டுமாவடிக் கரையில் பழைய நாட்டுப்படகுக்கு விலை பேசுகிறவர் ‘ஓடுமா?’ என்று கேட்பார். சேகரிப்பாளர் ‘எங்கே ஓடியது?’ என்று கேட்க வேண்டியவர். ஆனால் நம்மில் பலர் ரெண்டையும் கேட்பதில்லை. வரவேற்பறைக்கு அழகா இருக்குமா என்று மட்டும் பார்க்கிறோம்.

ஆரிஃப்ளெக்ஸ் 2சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய சினிமா பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த கேமரா. 400 அடி மேகசின் போட்டால் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதற்குள் ஷாட் முடியணும். டிஜிட்டல் வந்ததும் அது மூலைக்குப் போனது. பழைய லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம் என்பதால் அவை தனியாக விலைபோகின்றன. மிச்சமிருக்கும் உடம்புக்கு பாலிஷ் போட்டால் ஷோபீஸ். எந்த யூனிட்டில் இருந்தது, யார் ஃபோக்கஸ் பிடித்தார் என்ற தகவல் அந்தக் கைமாற்றத்திலேயே தொலைகிறது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிவிட்டுப் பெட்டியை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைப்பது மாதிரி.

2023இல் வடபழனியில் திறந்த ஏவி.எம். மியூசியத்தில் படப்பிடிப்புக் கருவிகளும் இருக்கின்றன. அங்கே ஒரு கேமராவுக்குத் தனி மதிப்பு வருவது, அது எந்த வீட்டுப் பொருள் என்று தெரிவதால். வெளியே விற்கப்படும் கேமராக்களுக்கு அந்த ஊர் பேர் இல்லை.

அவற்றை இயக்கிய உதவியாளர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். கேமரா வாங்குகிறவர்கள் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, விற்றவரிடம் பேசி, அவர் கைகாட்டும் ஆளையும் தேடிப்போய் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ‘கீசகவதம்’ இனிக் கிடைக்காமலே போகலாம். 2சி-க்களின் கதையைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடலாம்.