துளி வடிவக் கார்: அழகா, அறிவியலா?

கபுர்தலா அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஸ்டெல்லா, 1930-களின் இறுதியில் டால்போ-லாகோ கார் ஒன்றை வைத்திருந்தார். பிரான்சில் ஃபிகோனி, ஃபலாஸ்கி என்ற இருவரின் பட்டறை அதற்குப் பாடி கட்டியது. முன்புறம் உருண்டு, பின்புறம் வால்போல் சரிந்த அந்த அமைப்புக்கு 'நீர்த்துளி' என்று பெயர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துச் சொகுசுக் கார்களைப் புகழ்வோர், அறிவியலே கலையான கதைக்கு இதைத்தான் சான்று காட்டுவர். அழகைப் பற்றி எனக்கு வழக்கில்லை, அறிவியலைப் பற்றித்தான்.

முதலில் பெயரே பிழை. மழைத்துளிக்கு வால் கிடையாது. சிறு துளி உருண்டை. பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகி, பன் ரொட்டிபோல் விழும். ஆனாலும் வால் உள்ள வடிவம் நல்ல வடிவமே. காற்று உடலை ஒட்டியே சென்று பின்னால் மெல்லக் கூடவேண்டும். உடல் திடீரென முடிந்தால் அங்கே சுழல்கள் தோன்றி, அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். எனவே மூக்கைவிட வால் முக்கியம். டால்போவில் வால் இருக்கிறது. ஆனால் சக்கர மூடிகள் நான்கும் தனித்தனித் துளிகள், நடு உடல் ஐந்தாவது துளி! இடையிலுள்ள பள்ளங்களில் காற்று குழம்பாமல் என்ன செய்யும்?

சிறு கணக்கு ஒன்று போடுவோம். காரின் முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர், தடைக் குணகம் 0.6 என்க. மணிக்கு 36 கிலோமீட்டரில் காற்றுத் தடை 72 நியூட்டன். அதை வெல்ல ஏறத்தாழ ஒரு குதிரைத் திறன் போதும். டயர்களின் உருளல் தடையே இதைப்போல் மூன்று மடங்கு. (மணலி புதுநகரில் டாங்கர் லாரிகளின் பின்னால் ஊர்பவருக்கு வால் எதற்கு?) வேகம் நான்கு மடங்கானால், அதாவது 144 கிலோமீட்டரில், வேண்டிய திறன் 64 மடங்கு! குணகத்தை 0.3 ஆக்கினால் சுமார் 31 குதிரைத் திறன் மிச்சம்.

இதை உணர்ந்து கட்டியது செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா 77. செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் யாரையின் கருத்துகளைத் தழுவி, லெட்விங்கா 1934-இல் வெளியிட்ட கார் அது. அதன் 60 குதிரைத் திறன் எஞ்சின் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகம் தந்தது. நம் கணக்கின்படி, பெட்டி வடிவக் காரில் காற்றுக்கே அவ்வளவும் போயிருக்கும். டால்போவிலோ 4 லிட்டர் எஞ்சின், சுமார் 140 குதிரைத் திறன். 1938-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்தத் துளிக் கார் ஒன்று மூன்றாம் இடம் பெற்றது உண்மைதான். அந்தப் புகழை முழுவதும் பாடிக்கே கொடுத்துவிட்டால் எஞ்சின் கோபித்துக்கொள்ளும்!

அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 1934-இல் ஏர்ஃப்ளோ காரைக் கொண்டுவந்தது. வாங்குவோர் அதன் மழுங்கிய முகத்தைப் பார்த்து ஒதுங்கினர். 1937-உடன் அது நின்றது. டால்போவின் துளிக் கார் பெயர் பெறத் தொடங்கியதும் அதே 1937-இல்தான்.